தோல் வாத்தியமும் மூச்சும்: இறுகாமல் வாசிக்கும் முறை

கடினமான கோர்வை (கணக்கிட்டுக் கோத்த அடிகளின் தொடர்) நெருங்கும்போது வாசிப்பவரின் வாயைப் பாருங்கள். உதடு இறுகும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், மூச்சு நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தோள் காதை நோக்கி ஏறும், பிறகு தாளம் ஓடத் தொடங்கும், அதாவது வேகம் கூடிவிடும். மிருதங்கம், தபேலா, கஞ்சிரா, மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெம்பே, கியூபாவின் காங்கா, மேலே உட்கார்ந்து அடிக்கும் மரப்பெட்டியான கஹோன் என எதை வாசித்தாலும் இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. எனவே ஓடும் தாளத்தைப் பிடித்து இழுக்க முயல்வதைவிட, முதலில் நின்ற மூச்சைக் கண்டுபிடிப்பதே பயன் தரும்.

பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குவது உடம்புக்கு இயல்பு. தொண்டை அடைபட்டு வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். அது முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கும். தோலில் விழும் ஒரு அடிக்கு அந்த முட்டு வேண்டியதே இல்லை. ஆனால் மனம் ‘இது கஷ்டம்’ என்று நினைத்த உடனேயே உடம்பு அதே ஏற்பாட்டைச் செய்துவிடுகிறது. அப்போது முழங்கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகி, ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். அடித்த கையைத் தோல் தானாகவே மேலே தள்ளிவிடும், ஆனால் இறுகிய கை அந்தத் தள்ளலை வாங்காமல் தோலிலேயே தங்கிவிடும். திறந்து ஒலிக்க வேண்டிய சொல் (ஓர் அடி எழுப்பும் ஒலி) அடைபடும். சத்தம் வரவில்லையே என்று இன்னும் பலமாக அடிப்போம். விரல் வீக்கமும் முன்கை வலியும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன.

உட்காரும் விதம்

வயிறு மடங்கியிருந்தால் எந்த மூச்சுப் பயிற்சியும் எடுபடாது. நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும், இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் படட்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் பிட்டத்தின் கீழ் 5 முதல் 8 செ.மீ. உயரத்துக்குத் துணியை மடித்து வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்தால் கீழ்முதுகு பின்னால் சரியாது. இடுப்பு வாரோ வேட்டிக்கட்டோ இறுக்கமாக இருந்தால் தளர்த்திவிடுங்கள்.

ஜெம்பேயைத் தொடையால் கவ்விப் பிடிப்பவர்களுக்கு இடுப்பிலிருந்தே இறுக்கம் ஏறும். வாரால் கட்டி, வாத்தியத்தை லேசாக முன்னால் சாய்த்து, அதன் எடையைத் தரைக்கும் வாருக்கும் விட்டுவிடுங்கள். காங்காவின் முகம் முழங்கையைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தால், முன்கை மெல்லிய சரிவில் தானாக அதன்மேல் விழும். அதைவிட உயர்ந்தால் தோளைத் தூக்கித்தான் அடிக்க முடியும். கஹோன் வாசிப்பவர்கள் கீழே எட்டுவதற்காகக் குனிவது வேண்டாத வேலை. கூர்மையான ஒலிகள் மேல்விளிம்பை ஒட்டியே கிடைக்கும். கனமான ஒலிக்கும் ஒரு சாண் கீழே இறங்கினால் போதும்.

மூச்சைக் கையோடு கட்டாதீர்கள்

இந்தப் பயிற்சியின் உயிர் இதுதான்: மூச்சு தாளத்தின் அட்சரத்தோடு (சீராக எண்ணும் தட்டோடு) போக வேண்டும், கையின் சொற்களோடு போகக் கூடாது. கையோடு கட்டினால், கை இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்குப் போகும்போது மூச்சும் இரட்டிக்கும். நான்மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் மேல்மார்பில் துடிக்கும் குட்டி மூச்சாகிவிடும். அந்த மூச்சுக்குக் கழுத்துத் தசைகள் மேல் விலா எலும்புகளைத் தூக்கும், கூடவே தோளும் எழும்பும்.

ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். நிதானமான வாசிப்புக்கும் ஒரு முழு மூச்சு 4 அல்லது 5 விநாடியில் முடிவது வசதி. சீராகத் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை 60இல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வைத்தால் 2 அட்சரம் உள்ளே, 2 அட்சரம் வெளியே. 100இல் 3 உள்ளே, 5 வெளியே. எட்டு அட்சரத் தாளம் ஒரு மூச்சுக்குள் அடங்கிவிடும். ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாப்பில் மூன்றில் இழுத்து நான்கில் விடலாம். ஐந்து எண்ணிக்கையுள்ள கண்ட சாப்பில் இரண்டில் இழுத்து மூன்றில் விடலாம். விடும் நேரம் சற்று நீண்டிருப்பது நல்லது, ஏனென்றால் தோளும் தாடையும் இறங்குவது மூச்சு வெளியே போகும்போதுதான்.

முதலில் மெட்ரோனோமை 60இல் ஓடவிட்டு, கைகளைத் தொடையில் வைத்து, வாசிக்காமலே இரண்டு நிமிடம் இந்த எண்ணிக்கையில் மூச்சு விடுங்கள். அடுத்து வலம், இடம், வலம், இடம் என அட்சரத்துக்கு ஒரு அடி, மிக மெதுவான சத்தத்தில். நான்கு நிமிடம் ஆன பின் அட்சரத்துக்கு இரண்டு, அதன் பின் நான்கு. கை மாறும், மூச்சு மாறாது. மாறினால், அல்லது நின்றால், முந்தைய காலத்துக்கு இறங்கி ஒரு நிமிடம் இருந்துவிட்டு மறுபடி ஏறுங்கள். வேகத்தை ஒரு நேரத்தில் 4 புள்ளிக்கு மேல் கூட்ட வேண்டாம். இந்தப் படியில் அவசரப்படுபவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டே வேகமாக வாசிக்கப் பழகிவிடுகிறார்கள், பின்னால் அதைக் கழற்றுவது மிகவும் சிரமம்.

எண்ணிக்கொண்டே மூச்சு விடுவது சிலருக்கு வாசிப்பையே குலைக்கும். அவர்களுக்குச் சொற்கட்டு (அடிகளை வாயால் சொல்லும் முறை) கைகொடுக்கும். தகதிமி தகஜொணு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். பேசும்போது மூச்சு வெளியே போயே தீர வேண்டும், ஆகவே அடக்க வழியில்லை. சொல் தீரும் இடத்தில் உடம்பு தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். சொற்கட்டு தெரியாதவர்கள் ‘ஸ்ஸ்’ என்ற மெல்லிய சீறலோடு கடினமான பகுதியைக் கடக்கலாம். சீறல் எந்த அடியில் அறுபடுகிறதோ, இறுக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

நிற்கும் இடத்தைப் பிடிப்பது

கைபேசியை முகத்துக்கு அருகில் வைத்து மூன்று நிமிட வாசிப்பைப் பதிவு செய்து கேளுங்கள். மூச்சு சாதாரணமாக நிற்கும் இடங்கள் நான்கு: காலம் மாறும் அட்சரம், கோர்வையின் தொடக்கம், தீர்மானத்தின் (மும்முறை வாசிக்கும் முடிப்பின்) கடைசிச் சுற்று, தவறிய அடிக்கு அடுத்த அடி. எழுதி வைத்த பாடத்தில் அந்தச் சொல்லின் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு கோட்டுக்கு இரண்டு அட்சரம் முன்பே மூச்சை வெளியே விடத் தொடங்கி, விட்டுக்கொண்டே அந்த இடத்துக்குள் நுழையுங்கள். நிறைய காற்றை இழுத்து வைத்துக்கொண்டு நுழைவதுதான் வழக்கமான பிழை. நிரம்பிய மார்பை மூடிப் பிடிக்கத்தான் தோன்றும்.

சத்தம் வேண்டுமென்றால் கையை உயரத்திலிருந்து விழவிடுங்கள், அழுத்தாதீர்கள். தோலிலிருந்து 5 செ.மீ., 15 செ.மீ., 30 செ.மீ. என மூன்று உயரங்களிலிருந்து, தசையின் பலத்தைக் கூட்டாமல், எடையை மட்டும் விட்டுப் பாருங்கள். ஒலியின் அளவு மாறுவது தெளிவாகக் கேட்கும். இடையில் பல்வரிசைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். உதடு மூடி, பற்கள் விலகி, நாக்கு கீழே கிடந்தால் கழுத்து இறுகுவது கடினம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

தலை கிறுகிறுத்து, உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் கூச்சம் எடுத்தால், தேவைக்கு மேல் மூச்சை இழுக்கிறீர்கள். ஆழமாக இழுக்க வேண்டும் என்ற ஆர்வத்தால் வருவது இது. எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் அடங்கிவிடும்.

சுண்டுவிரலில் மட்டும், அல்லது பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் மட்டும் மரத்துப்போவது வேறு சங்கதி. அது நரம்பு அழுத்தமாக இருக்கலாம். வாசித்து முடித்த பிறகும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். காங்கா, ஜெம்பே போன்றவற்றை நீண்ட நேரம் பலமாக அடித்த பின் சிறுநீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ போனால், மோதலில் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்திருக்கக்கூடும். வாசிப்பை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். மோதிரங்களைக் கழற்றாமல் வாசிக்கவே கூடாது.

மேடையில்

பதற்றத்தில் முதலில் ஓடுவது முதல் அடிதான். தொடக்க எண்ணிக்கையின் கடைசி இரண்டு அட்சரத்தில் மூச்சை இழுத்து, முதல் அடி விழும்போதே விடுங்கள். கூட வாசிப்பவர்கள் உங்கள் மூச்சையும் தோளையும் பார்த்தே எடுப்பை, அதாவது தொடங்கும் இடத்தைத் தெரிந்துகொள்வார்கள். நடுவில் இறுகிவிட்டால் சொற்களைக் குறைத்து அடிப்படை நடைக்குத் திரும்புங்கள். ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முழுக்க மூச்சு வெளியே போவதை மட்டும் கவனித்து, அடுத்த ஆவர்த்தனத்தில் ஒரு கையின் சொற்களை மட்டும் கூட்டுங்கள். தோள் இறங்கியே இருந்தால் மறு கையையும் சேர்க்கலாம்.