சங்கத்துக்கு அடுத்த பத்துப் பேரை உருவாக்குவது எப்படி

ஊரில் ஒரு தலைமைத்துவப் பயிற்சி நடத்தப்போகிறோம், ஆட்களைத் தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டால் அன்று பின்னேரமே பெயர்ப்பட்டியல் வந்துவிடும். அதை வாங்கி வையுங்கள், ஆனால் அதோடு தொடங்காதீர்கள். வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எத்தனையோ பயிற்சிகள் வந்தன, பல ஊர்களில் எல்லாவற்றுக்கும் போனது அதே பத்துப் பேர். அவர்களில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே ஆள் கமக்காரர் அமைப்பிலும் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கோயில் நிர்வாகத்திலும் நின்று களைத்துப்போயிருக்கிறார், விடவும் ஏலாது, பொறுப்பை வாங்க ஆள் இல்லை. நாம் தேடவேண்டியது பொறுப்பை வாங்கக்கூடிய அந்த ஆளை.

தேடுவதற்கு இரண்டு கிழமை ஒதுக்குங்கள். வீடு வீடாகப் போய் 'யார் நல்ல தலைவர்' என்று கேட்டால் பதவியில் இருப்பவர் பெயரைத்தான் சொல்வார்கள். வேறு மாதிரிக் கேளுங்கள். செத்தவீடு என்றால் முதலில் யாருக்குச் சொல்லி அனுப்புவீர்கள்? பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுத யாரிடம் போவீர்கள்? வாய்க்காலில் சண்டை வந்தால் யார் சொல்லி இரண்டு பக்கமும் கேட்கும்? ஒரே பெயர் மூன்று வீட்டில் வந்தால் அந்த வீட்டுக்குப் போங்கள். பிரதான வீதியோடு நிற்காமல் உள் ஒழுங்கைகளுக்கும் போகவேண்டும். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் இத்தனை வருடமாக ஊருக்கு உழைத்தும் பல இடங்களில் நிர்வாக சபைக்குள் வரவில்லை. தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களையும், போரில் காலை இழந்தவர்களையும் 'அவர்களுக்கு வர ஏலாது' என்று மற்றவர்களே முடிவெடுத்துவிடுகிறார்கள். நீங்கள் போய் நேரே கேளுங்கள்.

இருபது பேர் போதும், இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம். ஹோட்டலில் மூன்று நாள் தங்க வைத்து முடிக்கிற செயலமர்வை நான் நம்புவதில்லை. படம் எடுப்பார்கள், சான்றிதழ் கொடுப்பார்கள், நாலாம் நாள் வீட்டில் மாடு அவிழ்க்கப் போனதும் எல்லாம் மறந்துவிடும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அரை நாள், ஆறு மாதம், இடையில் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு வேலை என்று வையுங்கள். காலபோக (மழைக்கால நெல்) விதைப்பு நேரமும் தை, மாசி அறுவடையும் வேண்டாம், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையும் வேண்டாம். காலை ஒன்பதுக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்தால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரமுதல் தாய்மார் வீட்டுக்குப் போய்ச்சேரலாம். கைக்குழந்தைகளைப் பார்க்க ஊரிலேயே ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வையுங்கள், அந்தக் காசை முதலே வரவு செலவில் போட்டுவிடுங்கள்.

முதல் நாள் வெள்ளைப் பலகையில் 'தலைமைத்துவப் பண்புகள்' என்று எழுதாதீர்கள். வந்திருப்பவர்கள் வளர்ந்த ஆட்கள், எங்களை விட நிறையப் பார்த்தவர்கள். 'இதுவரை மற்றவர்கள் உங்களை எதற்குத் தேடி வந்திருக்கிறார்கள்' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். எங்களிடம் வந்த ஒரு அக்கா, 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த மெனிக் பாம் முகாமில் தன் வரிசைக் கூடாரங்களுக்குத் தண்ணீர் பிரித்தவர். யாருக்கு எத்தனை வாளி என்று ஒரு அட்டைத்துண்டில் கோடு போட்டு வைத்துப் பிரித்தாராம், சண்டை வரவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு 'நான் ஒன்றும் செய்யேல்லைத் தம்பி' என்றார். அந்த அட்டைத்துண்டில் இருந்துதான் அன்றைய பாடத்தைத் தொடங்கினோம்.

சரி, கணக்கு. சங்கங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான், அதிலும் வீதி, மதகு என்று ஒப்பந்த வேலை எடுக்கும்போது. கணக்கைப் பாடமாக நடத்த வேண்டாம், பயிற்சியின் தேநீர்க் காசை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் ஐயாயிரம் ரூபாயைக் கையெழுத்து வைத்து வாங்கி, சாமான் வாங்கி, பற்றுச்சீட்டோடு காசேட்டில் எழுதி, அடுத்த அமர்வு தொடங்கும்போது எழுந்து நின்று வாசிக்கவேண்டும். கடைப் பையின் முடிச்சை அவிழ்த்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைப்பார்கள், தேங்காய் விற்ற ஆச்சி சீட்டுத் தரவில்லை என்று தடுமாறுவார்கள். அப்போதுதான் கொடுப்பனவுச் சீட்டு எழுதி ஆச்சியிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது எப்படி என்று காட்டவேண்டும். கணக்கில் நாற்பது ரூபாய் இடித்தால் இடிக்கிறது என்று சபையில் சொல்லப் பழகட்டும். கூட்ட அறிக்கைப் புத்தகத்தையும் இதே மாதிரி முறை வைத்து எழுதச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த அமர்வு தண்ணீர்க் கூட்டம். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை எடுங்கள். சிறுபோகத்துக்கு (கோடைகால நெல்லுக்கு) குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுப்பார்கள், எல்லாருக்கும் முழு வயலும் கிடைக்காது. அந்தக் கூட்டத்தை நடித்துப் பார்க்கவேண்டும். ஒருவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர், ஒருவர் வாய்க்கால் தலைப்பில் வயல் உள்ளவர், ஒருவர் கடைசி வாய்க்கால்காரர், ஒருவர் குத்தகைக்குச் செய்கிறவர், ஒருவர் தலைமை தாங்குபவர். உண்மையில் தலைப்பில் வயல் வைத்திருப்பவருக்குக் கடைசி வாய்க்கால்காரர் வேடத்தைக் கொடுங்கள், நிலமில்லாத ஒரு தங்கச்சியைத் தலைமைக் கதிரையில் இருத்துங்கள். இருபது நிமிடத்தில் சத்தம் கூடிவிடும், விடுங்கள், கூடட்டும். முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம் இருந்து கதையுங்கள். வாய் திறக்காத ஆளைத் தலைவர் கேட்டாரா? குத்தகைக்காரருக்கு என்ன நடந்தது? முடிவை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்களா, இல்லை கலைந்துபோகும்போது ஒருவர் ஒன்று சொல்ல இன்னொருவர் வேறொன்று சொன்னாரா? எங்களிடம் வயல்காரர் ஒருவர் நடித்து முடித்த பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார், 'அவங்கட பக்கம் இப்பிடியெண்டு எனக்குத் தெரியாது' என்றார்.

கடிதம் எழுதுவதை உண்மையான அலுவல் ஒன்றோடு சேர்த்துப் பழக்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சொல்லிக் கொடுங்கள். கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும், எழுத ஏலாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ளவேண்டும். பாதியில் நின்ற வீதி, வராத வீட்டுத்திட்டக் கொடுப்பனவு என்று ஊரில் கேட்க விஷயம் இருக்கிறது. எழுதினால் பிறகு பிரச்சினை வருமோ என்ற பயமும் இருக்கும், அதைச் சின்னதாக நினைக்காதீர்கள், வன்னியில் பெயரும் கையெழுத்தும் கொடுப்பது பலருக்கு இன்னும் லேசான விஷயம் இல்லை. தனியாக அனுப்பாமல் மூன்று பேராகப் போகட்டும், முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள், ஆனால் கதைப்பது அவர்களாக இருக்கவேண்டும்.

கட்சிக்காரர் வருவார்கள், முக்கியமாகப் பெண்களைத் தேடி. உள்ளூராட்சி சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற ஏற்பாடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இது நடக்கிறது. போட்டியிட விரும்புகிறவர் போட்டியிடட்டும், அது நல்லதுதான். பயிற்சி நடக்கிற இடத்தில் மட்டும் எந்தக் கட்சியும் கூட்டம் வைக்கக்கூடாது என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

பழைய தலைவர்களை வெளியே விடவேண்டாம். நாலாம் மாதமளவில் ஒவ்வொருவரோடும் ஒரு பயிலுநரைச் சோடி சேர்த்து, வங்கிக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். யாரிடம் எதைக் கேட்டால் நடக்கும் என்பது அந்த ஐயாமாரின் தலைக்குள்தான் இருக்கிறது, எந்தக் கையேட்டிலும் இல்லை. மரியாதையாகக் கேட்டால் சொல்லித் தருவார்கள்.

கடைசி அமர்வுக்கு நீங்கள் போகவேண்டாம். திறப்பையும் தேநீர்க் காசையும் அதற்கு முந்திய கிழமையே கொடுத்துவிட்டு, அறிக்கைப் புத்தகத்தை அடுத்த நாள் போய் வாசியுங்கள். பிறகு பயிற்சி தொடங்கி ஒன்பதாம் மாதம் ஒரு தடவை, சங்கத்தின் பொதுக்கூட்டம் நடக்கும் நாளாகப் பார்த்துப் போய்ப் பின்வரிசையில் இருங்கள்.