இரண்டு சைக்கிள், ஒரே முழங்கால்
சனிக்கிழமை கோலாலம்பூருக்கு வெளியே, கோம்பாக் பழைய சாலை வழியாகக் கெந்திங் செம்பா மலையேற்றம். ஞாயிறு புக்கிட் கியாரா காட்டுப்பாதை. முழங்கால் வலித்த பிறகுதான் இரண்டு சைக்கிள்களின் இருக்கைகளையும் அளந்து பார்த்தேன்.

கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை, இருக்கைக் குழாயை ஒட்டி அளவு நாடாவைப் பிடியுங்கள். என் சாலை சைக்கிளில் கிராங்க் நீளம் 170 மில்லிமீட்டர், மலை சைக்கிளில் 175. பெடல் 5 மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே போவதால் மலை சைக்கிளின் இருக்கையைச் சாலை சைக்கிளின் அளவைவிட அவ்வளவு இறக்கினேன். மலை சைக்கிளுக்கான காலணியின் அடிப்பகுதி தடிமனாக இருந்தால் சற்று ஏற்ற வேண்டும்.

அடுத்து, நூலில் ஒரு நட்டைக் கட்டி (அம்மாவின் தையல் நூல், கேட்காமல் எடுத்தது) இருக்கையின் மூக்கிலிருந்து தொங்கவிடுங்கள். நூல் அச்சுக்கு எவ்வளவு பின்னால் விழுகிறதோ, அந்தத் தூரம் இரண்டிலும் ஒன்றாக வேண்டும். இருக்கைகள் வெவ்வேறு வடிவமென்றால் மூக்கை நம்பாதீர்கள். இருக்கை 8 சென்டிமீட்டர் அகலமாகும் இடத்திலிருந்து அளங்கள்.

ஹேண்டில்பாரை மட்டும் ஒன்றாக்காதீர்கள். நான் மலை சைக்கிளில் அதைத் தாழ்த்தினேன். முதல் செங்குத்து இறக்கத்திலேயே முன்சக்கரத்தைத் தாண்டி விழுந்தேன். அங்கே அது அகலமாக, உயரமாக இருக்கட்டும். இறக்கத்துக்கு முன் இருக்கையையும் தாழ்த்துங்கள். பழைய உயரத்தில் கறுப்பு டேப் ஒட்டிவைத்தால் மறுபடி அளக்க வேண்டியதில்லை.