பின்னால் வருபவருக்கும் புரியும்படி திருத்தம் அனுப்புவது எப்படி

திறமூல மென்பொருளில் ஒரு வரியை எழுதியவரே அதைக் கடைசிவரை பராமரிப்பது அரிது. எனவே, ஒவ்வொரு திருத்தமும் தனக்கான காரணத்தை, நிரல் சேமிக்கப்படும் களஞ்சியத்திலேயே விட்டுச்செல்ல வேண்டும்.

நிரலைத் தொடுவதற்கு முன், மாற்றவிருக்கும் வரிகள் எந்தக் கமிட்டில் (களஞ்சியத்தில் பதியப்பட்ட மாற்றத்தில்) வந்தன என்பதை, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) கருவியின் பிளேம் (blame) கட்டளையால் பார்த்து, அந்தக் கமிட்டின் செய்தியையும் படியுங்கள். தேவையற்றதாகத் தோன்றும் நிபந்தனை ஒன்று ஏதோ ஒரு பழைய வழுவுக்காக (நிரல்பிழைக்காக)ச் சேர்க்கப்பட்டிருக்கலாம். அடுத்து, நீங்கள் சரிசெய்யவிருக்கும் வழுவை வெளிப்படுத்தும் சோதனையை எழுதி, அது தோல்வியடைவதை உறுதிசெய்த பிறகே திருத்தத்தில் இறங்குங்கள்.

ஒரு கமிட்டில் ஒரே மாற்றம்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு கமிட்டிலும் நிரல் தொகுக்கப்பட்டுச் சோதனைகளில் தேற வேண்டும். அப்படி இருந்தால்தான், ஆயிரம் கமிட்டுகளுக்கிடையே ஒளிந்த வழுவை, வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் (bisect) கட்டளை ஏறத்தாழ பத்தே சோதனைகளில் பிடித்துத்தரும். இடைவெளி, உள்தள்ளல் போன்ற அலங்கார மாற்றங்களைத் தனிக் கமிட்டாக்குங்கள். அத்தகைய கமிட்டுகளைப் பிளேம் பொருட்படுத்தாமல் விடும் வசதி 2019-இல் வெளிவந்த கிட் 2.23 பதிப்பிலிருந்தே உண்டு.

கமிட் செய்தியில் என்ன மாறியது என்பதை விவரிக்க அதிகம் மெனக்கெட வேண்டாம், அதை நிரலே காட்டிவிடும். எந்தச் சூழலில் வழு தோன்றியது, வேறு எந்த வழிகள் ஏன் கைவிடப்பட்டன என்பவற்றை எழுதுங்கள்.

பார்த்த மாத்திரத்தில் பிழைபோலத் தோன்றும் வரிக்கு அருகிலேயே குறிப்பு தேவை. 2006-இல் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரல் தொகுப்பில், நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரைண்ட் கருவியின் எச்சரிக்கையைத் தவிர்ப்பதற்காக இரண்டு வரிகள் முடக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுதான் தற்போக்கு எண்களுக்கான (ஊகிக்க முடியாதபடி உருவாக்கப்படும் எண்களுக்கான) மூலத்தரவைக் கலந்துவந்தது. அதன் இன்றியமையாமையைச் சொல்லும் விளக்கம் அருகில் இல்லை. அதன் பின், இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் தரும் செயல்முறை எண் மட்டுமே வேறுபாட்டைத் தந்ததால், உருவான மறைச்சாவிகள் எளிதில் ஊகிக்கக்கூடியவையாயின. இது 2008 மே மாதத்தில்தான் வெளிப்பட்டது. முடக்குவதற்கு முன் ஓப்பன்எஸ்எஸ்எல் மடற்குழுவில் கேட்கப்பட்டும் தடுக்கப்படாத மாற்றம் அது என்பதால், மதிப்பாய்வை மட்டும் நம்பியிருப்பது போதாது என்றே கருதுகிறேன்.

மதிப்பாய்வாளர் "இது எதற்கு?" என்று கேட்டால், பதில் எழுதியதோடு நிறுத்திவிடாமல், அந்தப் பதிலை நிரல் குறிப்பிலோ கமிட் செய்தியிலோ சேர்த்துத் திருத்தத்தை மறுபடி அனுப்புங்கள்.