ராப்பல் இறங்குறதுக்கு முன்னாடி கயித்து நுனியில முடிச்சு போட்டாச்சா?

பாறை ஏறி முடிச்சதும் எல்லாருக்கும் ஒரு நிம்மதி வரும், ஆனா ஏறும்போது கையும் காலும் நம்மள தாங்கும், ராப்பல்ல, அதாவது கயித்துல தொங்கிக்கிட்டு இறங்கும்போது, மொத்த உயிரும் கயிறு, கயித்த பாறையில மாட்டியிருக்குற ஆங்கர், கயித்த உரசி வேகத்த கட்டுப்படுத்துற டிவைஸ் இதுங்க மேலதான். அதனால அவசரப்படாதீங்க.

2019 நவம்பர்ல மெக்சிகோவுல எல் போத்ரேரோ சிகோங்கிற இடத்துல பிராட் கோப்ரைட்ங்கிற பாறை ஏறுறவரு இறந்தாரு. அமெரிக்காவுல யோசெமிட்டில இருக்குற எல் கேப்பிடன் பாறையில நோஸ்ங்கிற ரூட்ட 2017ல இன்னொருத்தரோட சேந்து ரெண்டரை மணி நேரத்துக்குள்ள ஏறி ரெக்கார்டு போட்டவரு. அன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே 80 மீட்டர் கயித்துல ஆளுக்கொரு பக்கமா ஒரே நேரத்துல இறங்குனாங்க, கயித்தோட நடு சரியா ஆங்கர்ல இல்ல, அவரு பக்கம் குட்டை, நுனியில முடிச்சும் இல்ல, டிவைஸ் வழியா கயிறு உருவிப் போயிடுச்சு. கூட இறங்குனவரும் விழுந்தாரு, ஆனா பொழச்சாரு. முடிச்சு இருந்திருந்தா டிவைஸ்ல வந்து முட்டி நின்னிருக்கும்.

அதனால முதல் வேலை, ரெண்டு நுனியிலயும் தனித்தனியா முடிச்சு. பேரல் முடிச்சோ எட்டு முடிச்சோ, எதுவா இருந்தாலும் ஒரு அடி வாலாவது விடுங்க. காத்து அடிக்கிற இடத்துல முடிச்சு பாறை இடுக்குல மாட்டும்னு சிலர் போடாம விடுவாங்க, நான் ஒத்துக்கவே மாட்டேன், காத்து அதிகம்னா கயித்த கீழ வீசாம மடிச்சு இடுப்புல தொங்கவிட்டு கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இறங்குங்க. கயித்துல போட்டிருக்குற நடு மார்க்க மட்டும் நம்பாதீங்க, மை அழிஞ்சிருக்கும், இல்ல ஒரு பக்கம் தேஞ்சு வெட்டியிருப்பாங்க. ரெண்டு நுனியையும் சேத்துப் புடிச்சு நடு வரைக்கும் கையில ஓட்டிப் பாருங்க.

ரெண்டு கயித்த சேக்கணும்னா ரெண்டு நுனியையும் ஒண்ணா வச்சு தட்டையா போடுற சாதாரண ஓவர்ஹேண்ட் முடிச்சு, வால் ஒரு அடிக்கு மேல, நாலு இழையையும் தனித்தனியா இழுத்து இறுக்கணும். எட்டு முடிச்ச அதே மாதிரி தட்டையா போடவே கூடாது, லோடு வந்தா உருண்டு உருண்டு வால தின்னுடும்.

அடுத்து பேக்கப். டிவைஸ ஒரு ஸ்லிங் (பட்டை வளையம்) வச்சு ஹார்னஸ்ல, அதாவது இடுப்புல கட்டுற பெல்ட்டுல இருந்து கொஞ்சம் மேல தள்ளி மாட்டுங்க, அதுக்குக் கீழ கயித்த சுத்தி 6 மி.மீ கார்டுல ஆட்டோபிளாக், அதாவது லோடு வந்தா இறுகிப் புடிக்கிற முடிச்சு போட்டு, ஹார்னஸ் முன்பக்கம் இருக்குற பிலே லூப்ங்கிற வளையத்துல மாட்டுங்க. கல்லு விழுந்து கை விட்டாலும் அது புடிச்சுக்கும். ஆனா அது டிவைஸ தொடுற அளவுக்கு நீளமா இருந்தா டிவைஸே அத தள்ளிவிட்டு புடிக்காம பண்ணிடும். பிலே லூப்னு சொல்லும்போது ஒண்ணு, 2006ல யோசெமிட்டில டாட் ஸ்கின்னர்ங்கிற பாறை ஏறுறவரு இறந்தது அந்த லூப் தேஞ்சு அறுந்துதான், பழைய ஹார்னஸ்னா தூக்கிப் போடுங்க.

ஆங்கர்ல இருந்து உங்க ஸ்லிங்க கழட்டுறதுக்கு முன்னாடி முழு வெயிட்டையும் கயித்துல போட்டு உக்காருங்க. ரெண்டு இழையும் காராபினர் கொக்கியில இருக்கா, ஸ்க்ரூ பூட்டியிருக்கா, ஆட்டோபிளாக் புடிக்குதா, எல்லாம் பாத்துட்டு அப்புறம் கழட்டுங்க. நீள முடி, தொங்குற டீ ஷர்ட் டிவைஸ்குள்ள போய் மாட்டும், கட்டிக்கோங்க.

முதல்ல இறங்குனவரு நல்லா நிக்கிற இடத்துல தன்ன மாட்டிக்கிட்டு, எந்தப் பக்கம் இழுக்கணுமோ அத கொஞ்சம் இழுத்துப் பாக்கணும், மேல இருக்கவரு இன்னும் அங்க இருக்கும்போதே. நகரலைன்னா அவரு அங்கயே சரி பண்ணலாம். கடைசி ஆளும் வந்தப்புறம் கயித்த இழுக்கறதுக்கு முன்னாடி நுனி முடிச்ச அவுத்துடுங்க, இல்லன்னா மேல ஆங்கர்ல போய் சிக்கிக்கும்.