எல் கேப்பிட்டனைப் படமெடுப்பது: உயரம் தொலையாமல் இருக்க ஒரு செய்முறை

கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிட்டன் பாறையின் முன்னால் முதன்முறை நின்றபோது ஒரு மணி நேரத்தில் இருநூறு படங்கள் எடுத்தேன். இரவு அறைக்குத் திரும்பிக் கணினியில் பார்த்தால், கொல்லைப்புறத்தில் கிடக்கும் அம்மிக்கல்லைக் குனிந்து எடுத்ததுபோல் இருந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் எழும் பாறை அது. கழுத்து வலிக்க அண்ணாந்து நின்ற அந்த மலைப்பு ஒரு படத்திலும் இல்லை.

கேமராவுக்கு உயரம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கோணமும் வெளிச்சமும்தான். ஆகவே உயரத்தை நாம்தான் படத்துக்குள் ஏற்ற வேண்டும். கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

படி 1: பின்னால் போங்கள்

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பாறைக்கு மிக அருகில் போவது. அருகில் நின்றால் கேமராவை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். சாய்த்தவுடன் பாறையின் உச்சி குறுகிப் பின்னால் சரிந்துவிடும். மரங்கள் எல்லாம் நடுவை நோக்கிச் சாயும். செங்குத்துச் சுவர், ஏறிவிடலாம் போன்ற சரிவாகத் தெரியும்.

சின்னக் கணக்கு ஒன்று. பாறையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் நின்றால் உச்சியைப் பார்க்க 45 பாகை அண்ணாக்க வேண்டும். இரண்டு மடங்கு தூரத்தில் அது சுமார் 27 பாகை. மூன்று மடங்கில் 18. முழுச் சட்டகக் கேமராவில் (ஃபுல் ஃபிரேம், பெரிய சென்சார் உள்ளது) 24 மில்லிமீட்டர் லென்ஸ் (பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை லென்ஸும் ஏறக்குறைய இதுதான்) நேராகப் பிடித்தால், கிடைவாக்கில் அடிவானத்துக்கு மேல் 26 பாகை வரை பார்க்கும். செங்குத்துவாக்கில் 37 பாகை. அதாவது, உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால், சாய்க்காமலேயே முழுப் பாறையும் அடங்கிவிடும். என் இருநூறு படங்களில் இந்த ஒன்றைத்தான் நான் செய்யவில்லை.

படி 2: நிற்கும் இடம்

டனல் வியூ எல்லோரும் அறிந்தது. வவோனா சுரங்கச் சாலை பள்ளத்தாக்குப் பக்கம் வெளிவரும் இடம்; இடப்பக்கம் எல் கேப்பிட்டன், வலப்பக்கம் பிரைடல்வீல் அருவி, நடுவே தொலைவில் ஹாஃப் டோம் பாறை. பிற்பகல் பிந்தி ஒளி நன்றாக விழும். ஆனால் இங்கே எல் கேப்பிட்டன் ஒரு பங்காளிதான், நாயகன் அல்ல.

எனக்குப் பிடித்தது வேலி வியூ. மெர்செட் ஆறு காலடியில் ஓடும். அதற்கப்பால் பைன் மரங்கள். அவற்றுக்கு மேல் பாறை. உயரத்தை உணர்த்தத் தேவையான மூன்று அடுக்குகளும் தாமாகவே அமைந்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: அது பள்ளத்தாக்கிலிருந்து வெளியே போகும் நார்த்சைடு டிரைவ் ஒருவழிச் சாலையில், பொஹோனோ பாலத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. தவறவிட்டால் பின்னோக்கி வர முடியாது. பாலத்தைத் தாண்டி, சவுத்சைடு டிரைவில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வர வேண்டும். இரண்டு முறை சுற்றியிருக்கிறேன்; இரண்டாவது முறை சூரியன் எனக்காகக் காத்திருக்கவில்லை.

எல் கேப்பிட்டன் புல்வெளி மிக அருகில் இருக்கிறது. முழுப் பாறையை அங்கே எடுக்காதீர்கள். தொலைவை அருகே காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் விரிசல்களையும் ஏறுபவர்களையும் எடுக்க அதுவே இடம். புல்லை மிதிக்காமல், போட்ட பாதையில் நில்லுங்கள். ட்ரோன் நினைப்பே வேண்டாம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அது தடை.

படி 3: ஒரு அளவுகோலை வையுங்கள்

பாறையில் ஏறும் மனிதனை அளவுகோலாக வைக்கலாம் என்று தோன்றும். கணக்குப் பாருங்கள்: படத்தில் பாறை 4000 பிக்சல் உயரம் என்றால், ஒரு பிக்சலுக்கு 22 சென்டிமீட்டர். ஆள் எட்டு பிக்சலுக்குள் முடிந்துபோவான். தூசி என்று நினைத்து நீங்களே துடைத்துவிடுவீர்கள்.

அதனால் மரங்கள்தான் சரி. பாறையின் அடியில் நிற்கும் பைன்களைப் படச்சட்டத்தின் கீழ்ப்பகுதியில் முழுதாக வையுங்கள், அடிமரத்தை வெட்டாதீர்கள். மரம் பெரியது என்று பார்ப்பவருக்குத் தெரியும். அந்தப் பெரிய மரம் பாறையின் காலடியில் புல் முளைத்ததுபோல் கிடப்பதைக் காணும்போது கண் தானாகவே பெருக்கிக்கொள்ளும். ஆற்றங்கரையில் ஒருவரை நிற்க வைக்கலாம். ஆனால் அவர் உங்களுக்குப் பக்கத்தில் நின்றால் பாறையைவிடப் பெரிதாகிவிடுவார். ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வானத்துக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். உச்சி சட்டத்தின் விளிம்பில் முட்டினால் பாறை முடிந்ததா, வெட்டப்பட்டதா என்று தெரியாது.

படி 4: மூக்கைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் பாறைக்கு இரண்டு முகங்கள்: தென்கிழக்கு, தென்மேற்கு. இரண்டும் சந்திக்கும் முனைக்கு 'நோஸ்' என்று பெயர், மூக்கேதான். 1958இல் வாரன் ஹார்டிங், வேய்ன் மெர்ரி, ஜார்ஜ் விட்மோர் மூவரும் முதன்முதலில் உச்சிக்கு ஏறிய வழியும் அதுவே.

நண்பகலில் இரண்டு முகங்களிலும் ஒரே அளவு வெயில் விழுந்து மூக்கு மறைந்துவிடும், பாறை தட்டையாகும். காலையில் தென்கிழக்கு முகம் ஒளிரும், மற்றது நிழலில் இருக்கும். பிற்பகலில் தலைகீழ். இந்த ஒளி-நிழல் எல்லைதான் படத்தில் பாறையைத் திரளச் செய்கிறது. காலை வெயிலில் மூக்குக்கு வலப்பக்கம் பாருங்கள்: வெளிர்ந்த கல்லில் கருத்த டையோரைட் என்ற பாறை பாய்ந்து, வட அமெரிக்க வரைபடத்தைப் போல ஒரு திட்டு இருக்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

படி 5: கேமரா அமைப்பு

கிரானைட்டைத் தமிழில் கருங்கல் என்கிறோம். இந்தக் கல்லோ வெளிர்சாம்பல். வெயில் பட்டால் கண்ணைக் கூசும். சுற்றிலும் இருண்ட மரங்கள் நிறைந்திருந்தால் கேமரா மரங்களுக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பாறை வெளுத்து விவரம் போய்விடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா ஏற்கும் வெளிச்சத்தை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கைப்பேசியில் பாறையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். கேமராவில் ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தால் மரநிழலைப் பிறகு மீட்கலாம். வெளுத்துப்போன கல்லை மீட்க முடியாது.

அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 முதல் எஃப் 11, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, முக்காலி. நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகலொளிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மாலைப் பொன்னிறத்தைக் கேமரா பிழை என்று நினைத்துத் திருத்திவிடும்.

அவசரப்பட்டு அழுத்தத் தோன்றும்போது நான் புகைப்படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸை நினைத்துக்கொள்வேன். 1861இல் சுமார் 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி இதே பள்ளத்தாக்குக்கு வந்தவர். மருந்து பூசிய தகடு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். இருநூறு எடுத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்ற சலுகை அவருக்கு இல்லை.

படி 6: ஆற்றைப் பயன்படுத்துங்கள்

நீரில் பாறையின் பிம்பம் வேண்டுமானால் இலையுதிர்காலம்தான். மே, ஜூன் மாதங்களில் பனி உருகி மெர்செட் புரண்டு ஓடும். பிம்பமும் கிடைக்காது, கரையோரம் காலும் நிற்காது. அக்டோபரில் ஆறு வற்றி ஆங்காங்கே கண்ணாடிபோல் தேங்கும். காற்று எழுவதற்கு முன் காலையில் கதீட்ரல் பீச் பக்கம் போங்கள். கேமராவை நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்த்தினால் கரைக் கற்கள் ஒதுங்கி, பிம்பம் நீளும்.

நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டிருந்தால் கவனம். வானம் கருக்கிறதே என்று திருப்பிக்கொண்டே போனால் பிம்பம் அழிந்து ஆற்றின் அடிக்கல் தெரியும். நீரைப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்புங்கள்.

பிப்ரவரி நடுவிலும் பிற்பகுதியிலும் பாறையின் கிழக்கு விளிம்பில் ஹார்ஸ்டெயில் அருவி அந்தி வெயிலில் நெருப்பாக எரியும் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேலே பனி இருக்க வேண்டும், அது உருக வேண்டும், மேற்கு வானில் மேகம் இருக்கக்கூடாது. கிடைப்பது சில நிமிடங்கள். கூட்டமோ திருவிழாக் கூட்டம். முதல் பயணத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அதைவிட, கோடையில் இருட்டும்வரை புல்வெளியில் இருங்கள். இரவைப் பாறையிலேயே கழிக்கும் ஏறுபவர்களின் தலைவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். முக்காலியில் 24 மில்லிமீட்டர், எஃப் 2.8, 20 நொடி, ஐஎஸ்ஓ 3200. பகலில் எட்டு பிக்சலில் காணாமல் போன ஆள், கரிய சுவரின் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளியாகப் பளிச்சென்று தெரிவான்.