சார்ட்டில் எழுத்தின் அளவை விகிதமாகக் கொடுங்கள்

ஆர் (R) நிரல் மொழியில் ஜிஜிபிளாட்2 (ggplot2) என்ற வரைபடத் தொகுப்பை வைத்து சார்ட் போடுபவர்கள், தலைப்புக்கு 14, அச்சு எழுத்துக்கு 9 என்று தனித்தனியாக எண் கொடுக்காமல், தீமில், அதாவது சார்ட்டின் தோற்ற அமைப்பில், பேஸ் சைஸ் (base_size) என்ற அடிப்படை எழுத்தளவு ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் ரெல் (rel) என்ற கட்டளை போட்டு விகிதமாகக் கொடுங்கள். கடலூரின் மாதவாரி மழையளவு சார்ட்டை அறிக்கையின் கால் பக்கத்தில் வைத்தாலும் சரி, அதையே புதுச்சேரியில் ஒரு கூட்டத்தில் திரையில் காட்டினாலும் சரி, மாற்ற வேண்டியது அந்த ஒரே எண்தான்.

காரணம், ரெல் என்பது, ஓர் எழுத்து எந்த மேல்நிலை உறுப்பிலிருந்து அளவை எடுத்துக்கொள்கிறதோ அதன் அளவைப் பெருக்குகிறது. பேஸ் சைஸ் வழக்கமாக 11, தலைப்பு அதில் 1.2 மடங்கு, அச்சு எழுத்து 0.8 மடங்கு, அதாவது 8.8, பேஸ் சைஸை 20 ஆக்கினால் அது தானாகவே 16 ஆகிவிடும், தலைப்பும் அதே விகிதத்தில் கூடவே வளரும். ஒன்று கவனிக்க வேண்டும், எக்ஸ் அச்சின் எழுத்து பொதுவான அச்சு எழுத்திலிருந்துதான் அளவை எடுத்துக்கொள்கிறது, அதனால் அங்கேயும் 0.8 போட்டால் கிடைப்பது 0.64 மடங்கு, அப்புறம் ஏன் இவ்வளவு பொடியாக இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சார்ட்டுக்கு உள்ளே, பார் மேல் மழையளவை எழுத ஜியோம் டெக்ஸ்ட் (geom_text) கட்டளையில் நீங்களே சைஸ் எண் கொடுத்திருந்தால் இது செல்லாது. அந்த எண் மில்லிமீட்டர் கணக்கு, தீம் அமைப்பை அது கண்டுகொள்ளாது, கையால்தான் மாற்ற வேண்டும். அதேபோல, பத்திரிகை இத்தனை பாயின்ட் என்று கறாராகக் கேட்டால் நேரடியாக எண்ணையே போட்டுவிடுங்கள்.