தோற்கிறவரைப் படம் பிடிக்கும்போது செய்யக் கூடாதவை

தேர்தலில் தோற்கப்போகும் ஒருவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவர்கள் செய்யும் முதல் தவறு, முடிவு வரும் இரவன்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது. அந்த முகம் முன்பு எப்படி இருந்தது என்று தெரியாதவருக்கு, இன்றைய வாட்டம் எதையும் சொல்லாது. அமெரிக்க இயக்குநர் கிரெக் வைட்லி, குடியரசுக் கட்சி அரசியல்வாதி மிட் ரோம்னியின் குடும்பத்தைப் படம் பிடிக்கத் தொடங்கியது 2006 டிசம்பரில். அதிபர் தேர்தலில் இறங்கலாமா வேண்டாமா என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ‘மிட்’ என்ற அந்தப் படம் வெளிவந்தது 2014இல். நடுவில் இரண்டு தோல்விகள். 2008இல் சொந்தக் கட்சிக்குள்ளேயே வேட்பாளராக முடியவில்லை. 2012இல் ஒபாமாவிடம் தோற்றார்.

அடுத்த தவறு, மேடையையும் கூட்டத்தையும் துரத்துவது. அதையெல்லாம் டிவியே காட்டிவிடுகிறது. இந்தப் படத்தில் என் மனதில் நிற்பது வேறு. விருந்துக்குக் கிளம்பும் ரோம்னி, போட்டிருக்கும் சட்டையைக் கழற்றாமல் அதன் கைப்பகுதியை இஸ்திரி போடுகிறார், சூடு பட்டுவிடுகிறது. அப்புறம் 2012 நவம்பர் 6 இரவு, பாஸ்டன் ஹோட்டல் அறை. வெற்றி உரை மட்டுமே எழுதியிருப்பதாக அன்று நிருபர்களிடம் சொன்னவர் அவர். எண்ணிக்கை கைவிட்டுப் போனதும், தோல்வியை ஒப்புக்கொள்ளும் உரையில் என்ன சொல்வது என்று பிள்ளைகளிடம் கேட்கிறார். அதிபரின் போன் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்றும் கேட்கிறார். வாழ்த்துச் சொல்ல வேண்டுமே! ஒரு மனிதர் தோற்பதை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட இடத்தில் பின்னணிக் குரல் வைத்து விளக்கினால் எல்லாம் கெட்டுப்போகும்.

ஆனால் எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுவது, பாசம் கண்ணை மறைப்பது. வருஷக்கணக்கில் ஒருவர் வீட்டில் சாப்பிட்டுப் பழகினால் அவர் பக்கம் சாயத்தான் தோன்றும். வைட்லியின் படத்தில் பிரசார வியூகம் பேசும் அறைகள் கிட்டத்தட்ட இல்லை. 47 சதவீத மக்கள் அரசை நம்பியே வாழ்கிறார்கள் என்று ரோம்னி சொன்னது 2012 செப்டம்பரில் வெளியாகிப் பெரிய அடியானது. அதற்கும் போதிய இடம் கிடைக்கவில்லை. நல்ல அப்பா என்பது தெரிகிறது, சரி. ஏன் தோற்றார் என்பது தெரியவில்லையே.

இதற்கு நேர்மாறானது ‘வீனர்’ (2016). பெண்களுக்கு ஆபாசப் படங்கள் அனுப்பிய விவகாரத்தில் சிக்கிய அமெரிக்க அரசியல்வாதி ஆன்டனி வீனரைப் பற்றிய படம் அது. எடுத்த இருவரில் ஒருவரான ஜோஷ் கிரீக்மன், முன்பு வீனரிடமே வேலை பார்த்தவர். 2013இல் நியூயார்க் மேயர் வேட்பாளருக்கான உட்கட்சிப் போட்டியில் வீனர் 5 சதவீத ஓட்டைக்கூடத் தொடவில்லை. அந்த நாட்களில் அவர் கோபத்தையும், மனைவி பேசாமல் நிற்பதையும் படம் மறைக்கவில்லை. இதையெல்லாம் படமெடுக்க என்னை ஏன் அனுமதித்தீர்கள் என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கிரீக்மன் அவரிடமே கேட்கிறார். பழகியவர்தான் கேட்கக்கூடிய கேள்வி அது.

கடைசியாக, உரை முடிந்ததும் கேமராவை மூட்டைகட்டிவிடாதீர்கள். எல்லாம் முடிந்து ரோம்னியும் மனைவி ஆனும் வீடு திரும்புவதை வைட்லி எடுத்திருக்கிறார். கூட்டம் இல்லை, கேள்வி கேட்க யாரும் இல்லை. இருவரும் உட்கார்ந்துவிடுகிறார்கள், பேச்சே இல்லாமல்.